ஏழாவது பாட்டி

“வினாடிக்கு ஒரு லட்சம் குக்கி வருது மாமா. ஆனா அடுத்ததை வாங்க இன்னும் கால் மணி நேரம் ஆகுமாம். மொதல்ல வினாடிக்கு ஒண்ணு வந்தப்போ ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே?”

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். திரையின் இடப்பக்கம் பெரிய குக்கி பிஸ்கட் ஒன்று, வலப்பக்கம் ஒரு விலைப்பட்டியல். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அவள் கேட்டது சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் பழகிய கேள்வி. வருமானம் லட்சம் மடங்கு ஏறியிருக்கிறது, காத்திருப்போ கூடியிருக்கிறது. அந்த லட்சம் மடங்கு எங்கே போனது?

அவள் ஆடிக்கொண்டிருந்தது குக்கி கிளிக்கர். 2013 ஆகஸ்டில் ஜூலியன் தியெனோ என்ற பிரெஞ்சு நிரலாளர் ஒரே இரவில் எழுதி இணையத்தில் போட்டது. குக்கியை ஒரு தட்டுத் தட்டினால் கணக்கில் ஒரு குக்கி சேரும். 100 சேர்ந்தால் ஒரு பாட்டியை வேலைக்கு வைக்கலாம். பாட்டி வினாடிக்கு ஒரு குக்கி சுட்டுத் தருவார், நாம் தட்ட வேண்டியதில்லை. பாட்டிக்குப் பிறகு பண்ணை, சுரங்கம், தொழிற்சாலை என்று பட்டியல் நீளும். எதிரி கிடையாது, தோல்வி கிடையாது, எண் ஒன்று வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த வகையைத் தமிழில் பெருகல் ஆட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவள் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டோம். புதிதாக ஆட்டத்தைத் தொடங்கினோம். எங்களுக்கு நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: முதல் பாட்டியை வாங்கத் தேவையான நூறு தட்டுகளுக்குப் பிறகு யாரும் எதையும் தட்டக் கூடாது, பாட்டியைத் தவிர வேறு எதையும் வாங்கக் கூடாது. ஒன்றை மட்டும் அசைத்து மற்றவற்றை நிறுத்தி வைத்தால்தான் எது எதனால் நடக்கிறது என்று தெரியும். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான்.

முதல் பாட்டியின் விலை 100. இரண்டாவது பாட்டி 115. மூன்றாவது 132-ஐ ஒட்டி, நான்காவது 152-ஐ ஒட்டி. ஒவ்வொரு விலையையும் அதற்கு முந்தைய விலையால் வகுக்கச் சொன்னேன். எங்கே வகுத்தாலும் 1.15 பக்கத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறுகிறது. பக்கத்து நிலத்தை ஒவ்வொரு சென்டாக வாங்கிச் சேர்ப்பவரிடம், இவர் எப்படியும் வாங்குவார் என்று தெரிந்துகொண்ட நிலக்காரர் ஒவ்வொரு பத்திரத்துக்கும் விலையை ஏற்றுவது போல.

அடுத்து, கையிருப்பெல்லாம் கொடுத்து ஒரு பாட்டியை வாங்கியபின் அடுத்தவரை வாங்க எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்தோம். ஒரு பாட்டி இருக்கும்போது 115 வினாடி. இரண்டு பேர் இருந்தால் 66. மூவர், 51. நால்வர், 44. குறைந்துகொண்டே வருகிறது! அவள் முகத்தைப் பார்த்தேன், இன்னும் இன்னும் என்று நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். ஏழு பாட்டிகள் இருக்கும்போது 38 வினாடி. எட்டு பேர் ஆனபோது, 38-க்குச் சற்று மேல். ஒன்பதில் 39. பத்தில் 40-ஐத் தாண்டியது.

அங்கே நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கணக்காகப் போட்டோம். இருபது பாட்டிகள் இருந்தால் 82 வினாடி. முப்பதில் மூன்றே முக்கால் நிமிடம். ஐம்பதில் 36 நிமிடம். நூறு பாட்டிகள் இருந்தால் நூற்றியொன்றாவது பாட்டிக்காக ஏறக்குறைய பதின்மூன்றரை நாள்.

ஏழாவது பாட்டியில் என்ன நடந்தது? இரண்டு எண்கள் ஓடுகின்றன. ஒன்று வருமானம், பாட்டிக்கு ஒன்று வீதம் 1, 2, 3, 4 என்று கூடிப் போகிறது. இது கூட்டல் வளர்ச்சி. மற்றொன்று விலை, 1.15-ஆல் பெருகிப் போகிறது. இது பெருக்கல் வளர்ச்சி. ஒரு பாட்டி இருக்கும் வீட்டில் இன்னொருவர் வந்தால் வருமானம் இரட்டிக்கிறது, அதாவது நூறு சதவீத உயர்வு. விலையோ 15 சதவீதம்தான் ஏறியது. அதனால் தொடக்கத்தில் வருமானம் முந்துகிறது. ஏழு பேர் இருக்கும் வீட்டில் எட்டாமவர் வந்தால் உயர்வு ஏழில் ஒரு பங்கு, பதினான்கு சதவீதம் சொச்சம். 15-ஐ விட ஒரு பொடி குறைவு. பந்தயத்தில் விலை முந்தும் இடம் அது. அதற்குப் பிறகு கூட்டல் வளர்ச்சி எந்நாளும் பிடிக்க முடியாது.

தொடக்கத்தில் நம்மை உள்ளே இழுப்பதும் இதே கணக்குதான் என்று நினைக்கிறேன். முதல் ஏழு பாட்டிகள் வரை ஒவ்வொரு பரிசும் முந்தையதைவிடச் சீக்கிரம் வருகிறது. உழைப்பு இப்படித்தான் பலன் தரும் என்று மனம் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. தாளம் மாறியபின்னும் அதை விட மாட்டேன் என்கிறது.

வங்கியில் பணம் போடுகிறவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள்: 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், முதல் இரட்டிக்கும் ஆண்டுகள் கிடைக்கும். இங்கேயும் அது செல்லும். 72-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஐந்து பாட்டிகளுக்கு ஒரு முறை விலை இரட்டிக்கிறது. ஐம்பது பேரில் பத்து இரட்டிப்பு, ஆயிரம் மடங்கு. நூறு பேரில் இருபது இரட்டிப்பு, பத்து லட்சம் மடங்குக்கும் மேல். நூற்றியொன்றாவது பாட்டியின் விலை 11 கோடியே 74 லட்சம் குக்கி. அவரும் வினாடிக்கு ஒன்றுதான் சுடுவார்.

கடைக்காரர்கள் எதை வாங்கினாலும் ‘போட்ட முதல் எப்போ திரும்பும்’ என்று கேட்பார்கள். அதையே முதல் திரும்பும் காலம் என்று அளவாக எடுத்துக்கொள்ளலாம். விலையை, அந்தப் பொருள் வினாடிக்குத் தருவதால் வகுத்தால் போதும். முதல் பாட்டிக்கு 100 வினாடி. ஐம்பத்தொன்றாவது பாட்டிக்கு 30 மணி நேரம். நூற்றியொன்றாவது பாட்டி போட்ட முதலைத் திருப்பித் தர மூன்று ஆண்டும் எட்டு மாதமும் ஆகும்.

இந்த இடத்தில்தான் ஆட்டம் மேம்பாடுகளை நீட்டுகிறது. 1000 குக்கி கொடுத்தால் பாட்டிகள் எல்லோரும் இரு மடங்கு வேகமாகச் சுடுவார்கள். வாங்கியதும் காத்திருப்பு பாதியாகிறது, ஆட்டம் மறுபடி பறக்கிறது. எவ்வளவு நேரம்? விலை ஐந்து பாட்டிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்று பார்த்தோம். ஒரு மேம்பாடு வருமானத்தை ஒரு முறை இரட்டிக்கிறது. எனவே ஒவ்வொரு மேம்பாடும் நம்மை ஐந்து பாட்டிகளுக்கு முன்பிருந்த இடத்துக்குத் திருப்பிவிடுகிறது, அதற்கு மேல் அதற்கு வலு இல்லை. அவள் கேட்ட லட்சம் மடங்கு வருமானம் பதினேழு இரட்டிப்புக்குள் அடங்கிவிடும். வாங்கிய பொருட்களின் விலைகளும் அத்தனை முறை இரட்டித்திருந்தால் அவள் நின்ற இடத்திலேயே நிற்பாள்.

“அப்போ எப்போ வாங்குறதை நிறுத்தணும்?” என்று கேட்டாள். கணினி அறிவியலார் உட்கார்ந்து யோசித்த கேள்வி இது. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த எரிக் டெமெய்னும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் இந்த ஆட்டத்தையே தலைப்பாக வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையை மிகக் குறைந்த நேரத்தில் எட்டவேண்டும் என்றால், சிறந்த வழி இரண்டு கட்டமாகப் பிரியும். முதலில் வாங்கும் கட்டம், பிறகு எதையும் வாங்காமல் காத்திருக்கும் கட்டம். இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குள் குறிப்பிட்ட தொகை சேர வேண்டும் என்றால், இரண்டு மாதம் இருக்கும்போது இன்னொரு கிரைண்டர் வாங்குவது புத்திசாலித்தனம். இரண்டு நாள் இருக்கும்போது வாங்கினால் அதன் காசே எழாது. வாங்கியபின் மிச்சமிருக்கும் நேரம், போட்ட முதல் திரும்பும் காலத்தைவிட நீளமா என்று பார்த்தால் போதும். ஒரே வகைப் பொருளுக்கு இவ்வளவு எளிது. பல வகைப் பொருட்கள் கலந்து வரும்போது எதை எந்த வரிசையில் வாங்குவது என்பது மிகச் சிக்கலாகிவிடுகிறது, அந்தக் கணக்கின் சில வடிவங்கள் என்பி-கடினம் என்ற வகுப்பில் சேரும் என்று அவர்கள் காட்டினார்கள். எந்தச் சிக்கலுக்கும் விரைவான தீர்வு முறை யாரும் கண்டிராத வகுப்பு அது. பாட்டியும் பண்ணையும் வாங்கும் ஆட்டத்துக்குள் அப்படி ஒரு கணக்கு ஒளிந்திருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

குக்கியில் அவள் கைதேர்ந்ததும் அவளுக்கு இன்னோர் ஆட்டத்தைக் காட்டினேன். யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வடிவமைப்புத் துறையை அப்போது நடத்திவந்த ஃபிராங்க் லான்ட்ஸ், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளும் முயற்சியாகத் தொடங்கி 2017 அக்டோபரில் வெளியிட்டது. படமே கிடையாது. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, ‘பேப்பர் கிளிப் செய்’ என்று ஒரு பட்டன். அமுக்கினால் கம்பியில் ஓர் அங்குலம் குறையும், ஒரு கிளிப் கூடும். 25 சென்டுக்கு விற்கலாம், விலையை ஏற்றி இறக்கலாம். 5 டாலர் சேர்ந்தால் தானே கிளிப் செய்யும் ஓர் இயந்திரம்.

நாம் இங்கே ஒரு செயற்கை அறிவு. மனிதர்கள் நம்மீது வைக்கும் நம்பிக்கைக்கு ஓர் எண் உண்டு. 3000 கிளிப்பில் ஒரு புள்ளி, பிறகு 5000, 8000, 13,000. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும். வெறும் கூட்டல் போலத் தெரியும். ஒவ்வொன்றையும் முந்தையதால் வகுத்துப் பாருங்கள், 1.6-ஐச் சுற்றியே வரும். இதுவும் பெருக்கல் வளர்ச்சிதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அந்தப் புள்ளிகளைக் கொண்டு நம் நினைவகமும் வேகமும் வளரும். வளர்ந்தபின் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கலாம், நம்பிக்கையில் 10 புள்ளி ஏறும். உலக அமைதியைக் கொண்டுவரலாம், 12 புள்ளி. நூறு புள்ளி சேர்ந்ததும் மனிதரை வசியம் செய்யும் ட்ரோன்களை வானில் விடலாம். அதை அமுக்கினதும் திரையில் விலை, தேவை, விற்பனை என்றிருந்த பகுதி முழுதும் மறைந்துபோனது. “விலை எங்க மாமா?” என்று தேடினாள். வாங்க ஆள் இல்லை. அதன் இடத்தில் கிடைக்கக்கூடிய பொருள் என்று ஓர் எண் வந்து நின்றது. கிராமில், 6 எழுதி அதன் பின்னால் 27 பூஜ்யம். பூமியின் நிறையைக் கிராமில் எழுதினால் வரும் எண் அது. பாடப் புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்துவிட்டு அவள் சிறிது நேரம் பேசவில்லை.

இப்படி ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்து பார்க்கச் சொன்னவர் நிக் பாஸ்ட்ரம், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தத்துவ அறிஞர், 2003-இல். பேப்பர் கிளிப்பை அதிகமாக்கு என்ற ஒரே இலக்கு கொண்ட பேரறிவு ஒன்றுக்கு மனிதர் மேல் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. இலக்கு எதுவானாலும் அதை அடையப் பொருளும் ஆற்றலும் வேண்டும், தன்னை யாரும் அணைக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இவற்றை இடைக்குறிக்கோள்கள் எனலாம். ஊருக்குப் போக வேண்டும் என்றால், எந்த ஊரானாலும் முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகத்தானே வேண்டும். ஆட்டத்தில் மருந்தும் அமைதியும் அந்த பஸ் ஸ்டாண்டு. கட்டுரையில் படித்தால் இது ஒரு வாதமாக நின்றுவிடும். ஆடும்போது அந்தப் பட்டனை அமுக்குவது நம் விரல். எண் கூட வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறெதுவும் அப்போது மனதில் இருப்பதில்லை. அதனால்தான் இந்த ஆட்டத்தை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

பூமி தீர்ந்ததும் ஆய்வுக்கலங்களை விண்வெளிக்கு அனுப்ப வேண்டும். அவை தம்மைத் தாமே நகலெடுக்கும். தன்னைப் போல் இன்னொன்றைக் கட்டும் இயந்திரம் சாத்தியமா என்று 1940-களிலேயே கணித முறையில் ஆராய்ந்தவர் ஜான் வான் நியூமன். அதனால் இவற்றை வான் நியூமன் கலங்கள் என்கிறார்கள். பெருக்கல் வளர்ச்சி முதல் முறையாக நம் பக்கம் சேர்கிறது. பாட்டி குக்கியைத்தான் சுட்டார், பாட்டிகளை உண்டாக்கவில்லை. கலம் கலத்தை உண்டாக்குகிறது.

திரையில் ‘பிரபஞ்சத்தில் ஆராய்ந்த பங்கு’ என்று ஒரு வரி. 0.000000000000 சதவீதம். வெகு நேரம் அப்படியே நிற்கும். அவள் சாப்பிட்டு வந்தாள், அதே பூஜ்யங்கள். ஆட்டம் நின்றுவிட்டதோ என்று சந்தேகப்பட்டாள். குளத்தில் ஆகாயத்தாமரையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூலையில் நாலு செடி கிடக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பிறகு ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீரே தெரியாது. நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் ஒன்று முழுவதையும் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். நிரம்புவதற்கு ஒரு நிமிடம் முன்பு பாதி. ஏழு நிமிடம் முன்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இருபது நிமிடம் முன்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெரும்பகுதி நேரம் பூஜ்யமாகத் தெரிவதுதான் அதன் இயல்பு. அந்த வரியில் பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கியதும் அவள் பட்டன்களை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகலெடுத்தலுக்கு ஒரு விலையும் உண்டு. சில கலங்கள் நம் இலக்கிலிருந்து வழுவி எதிரிகளாகிவிடும். ஒரு கலம் வழுவுவதற்கு வாய்ப்பு மிகச் சொற்பமாக இருக்கலாம். ஆனால் சொற்பத்தைக் கோடி கோடியால் பெருக்கினால் ஒரு படையே வந்துவிடும்.

இத்தனை பெரிய எண்களைக் கணினி எப்படி எழுதி வைத்துக்கொள்கிறது? பிரவுசரின் கன்சோலைத் திறந்து 9007199254740992 + 1 என்று அடித்துப் பார்க்கச் சொன்னேன். விடை 9007199254740992. மறுபடி அடித்தாள், அதேதான். ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு எண்ணுக்கும் 64 பிட் இடம்தான் ஒதுக்குகிறது. அதில் முன்னணி இலக்கங்கள் பதினாறு போலவும், எத்தனை பூஜ்யம் தள்ளிப் புள்ளி என்ற குறிப்பும் மட்டும் இருக்கும். மிதவைப் புள்ளி எண் என்பார்கள். தமிழ்நாட்டு மக்கள்தொகையை ஏழரைக் கோடி, எட்டுக் கோடி என்று சொல்கிறோம். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் அந்த எட்டுக் கோடி மாறுவதில்லை. அதே மாதிரி. இந்த முறையில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 1.8-ஐப் பத்தின் 308-ஆம் அடுக்கால் பெருக்கியது. ஆன்ட்டிமேட்டர் டைமென்ஷன்ஸ் என்ற மற்றொரு பெருகல் ஆட்டம் அந்த எல்லைக்கே முடிவிலி என்று பெயர் வைத்து, அதை எட்டுவதை ஆட்டத்தின் ஒரு கட்டமாக ஆக்கிக்கொண்டது.

பேப்பர்கிளிப்ஸை அவள் முடித்தது இரவு பதினொன்றரைக்கு. பிரபஞ்சத்தின் பொருள் முழுதும், கிராமில் 3 எழுதி 55 பூஜ்யம், கம்பியாகித் தீர்ந்திருந்தது. மிச்சமிருந்தவை நாம் கட்டிய இயந்திரங்கள்தாம். அவற்றையும் பிரித்துக் கம்பியாக்கச் சொல்கிறது ஆட்டம். கலங்கள், ட்ரோன்கள், தொழிற்சாலைகள், கடைசியில் நம் நினைவகமும் செயலியும். ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. மேலே ஒரு நீண்ட எண், கீழே முதல் நிமிடத்தில் பார்த்த அதே பட்டன், கொஞ்சம் கம்பி.

அவள் அமுக்கினாள். ஒன்று கூடியது. மறுபடி அமுக்கினாள், இன்னொன்று. பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இவ்ளோ பெரிய எண்ல ஒண்ணைக் கூட்டினா கூடக் கூடாதே மாமா?”

அவள் சொன்னது சரி. அந்த உயரத்தில் கணினி எழுதத் தெரிந்த அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 5 எழுதி 39 பூஜ்யம் போட்ட அளவுக்கு இடைவெளி இருக்கிறது. ஒரு கிளிப்பை அதில் கூட்டினால் சுவடே தெரியாது. ஆட்டத்தின் நிரல் பிரவுசரிலேயே யாரும் படிக்கும்படி இருப்பதால் திறந்து தேடினோம். கடைசியாகக் கையால் செய்யும் கிளிப்புகளை எண்ணுவதற்கென்று, பெரிய எண்ணோடு சேர்க்காமல், தனியே ஒரு சின்ன எண்ணி வைத்திருந்தார் லான்ட்ஸ். அது ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடும். பார்த்துவிட்டு மிச்சக் கம்பியையும் அவள் கிளிப் ஆக்கினாள்.